ஒரு மல்லாட்டைக்கு ஓர் அசை

பதவியேற்புக்குப் பதினொரு நாள் இருக்கும்போது பெரிய வீட்டுக்காரர் எங்கள் தெருவுக்கு வந்து பைக்கை நிறுத்தினார். வண்டியை விட்டு இறங்கவில்லை. ஒரு காலை மட்டும் தரையில் ஊன்றிக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டார்.

"அன்னைக்கு நீ ஒண்ணும் பேஜாராவாத. உறுதிமொழிய செக்ரெட்டரி படிப்பாரு. நீ தலைய ஆட்டினா போதும். மீதியெல்லாம் நான் பாத்துக்கிறன்."

"சரிங்க" என்றாள் அம்மா.

ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தவள் அம்மாதான். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில், நெடுஞ்சாலையிலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது எங்கள் ஊர். அந்த முறை தலைவர் இடம் எங்கள் தெருப் பெண்களுக்கு என்று ஒதுக்கீட்டில் வந்தது. அம்மாவை நிற்கச் சொன்னதே பெரிய வீட்டுக்காரர்தான். அவர் நிலத்தில்தான் அம்மா எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து நடவுக்கும் களைக்கும் போகிறாள். அவரும் ஒரு வார்டில் நின்று ஜெயித்திருந்தார். துணைத் தலைவர் அவர்தான் என்று ஊரே முடிவு செய்துவிட்டது.

இதற்கு முன்னாலும் எங்கள் தெருவிலிருந்து ஒரு பெண் தலைவராக இருந்தார். அவருக்கும் செக்ரெட்டரிதான் உறுதிமொழி படித்தார். அவர் தலையாட்டினார். அன்று ஆட்டிய தலை ஐந்து வருஷத்துக்கு நிற்கவில்லை. தலைவருடைய ரப்பர் ஸ்டாம்பு பெரிய வீட்டு பீரோவில் இருந்தது. ஊராட்சிக் கூட்டம் நடந்த ஒரு நாள், அந்தத் தலைவர் பெரிய வீட்டுக் கொட்டகையில் சாணி அள்ளிக்கொண்டிருந்ததை நான் பள்ளிக்கூடம் போகிற வழியில் பார்த்தேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் முதலில் கால் வைத்தவள் நான். அப்போது திண்டிவனத்தில் பி.ஏ. தமிழ் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். என் அம்மா தலையாட்டுவதைப் பார்ப்பதற்கா நான் இத்தனை பரீட்சை எழுதினேன் என்று கோபம் வந்தது. பைக் தெருமுனை திரும்பியதும் சொன்னேன்.

"நீயே படிக்கிற. யாரும் உனக்காகப் படிக்க வேணாம்."

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"பதினொரு நாள் இருக்குது."

"பதினொரு நாள்ல நாத்தே கைக்கு வராது."

உறுதிமொழித் தாளை ஊராட்சி அலுவலகத்தில் கேட்டு ஒரு நகல் எடுத்து வந்தேன். பத்து வரிகூட இருக்காது. ஆனால் எங்கள் தெருவில் ஒருவர் வாயிலும் புழங்காத சொற்களாகப் பார்த்து அதில் அடுக்கியிருந்தார்கள். முதல் மூன்று நாள் எழுத்து சொல்லிக்கொடுத்துப் பார்த்தேன். அம்மா காலையில் சோறு வடித்ததும் அரை மணி, வேலை முடிந்து வந்து அரை மணி உட்காருவாள். மூன்றாம் நாள் தாளைத் தள்ளிவிட்டாள்.

"எல்லாம் ஒரே சாடையா இருக்குது. அக்கா எது, தங்கச்சி எதுன்னே தெரியல."

நான் கத்தினேன். ஐந்து வயசுப் பிள்ளைகள் படிக்கிறதே, உனக்கு என்ன என்று கேட்டேன். அம்மா மூலையிலிருந்த மூட்டையை இழுத்துப் போட்டுக்கொண்டு விதை மல்லாட்டை உடைக்க உட்கார்ந்தாள். கார்த்திகைப் பட்டத்துக்குப் பெரிய வீட்டிலிருந்து உடைக்கக் கொடுத்த வேர்க்கடலை மூட்டை அது. ஒவ்வொரு காயாக எடுத்து, அதன் மூக்கைப் பார்த்து கட்டைவிரலால் ஓர் அழுத்து. 'டக்' என்று வாய் பிளக்கும். மிஷினில் போட்டால் பருப்பின் சிவப்புத் தோல் உரிந்துவிடும். தோல் உரிந்த பருப்பு முளைக்காது. அதனால் விதைக்கு மட்டும் இன்றைக்கும் கைதான்.

நான் தாளை மடித்து என் பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் மாலை திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு பஸ்ஸுக்குப் பக்கத்தில் ஒருவர் ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "விழ்ப்ரம் விழ்ப்ரம் விழ்ப்ரம்." தினமும் கேட்கிற குரல்தான். அன்று அதை எண்ணிப் பார்த்தேன். விழுப்-புரம். எழுதினால் இரண்டு அசை, இரண்டும் நிரை. அவர் இரண்டிலும் தலா ஓர் உயிரெழுத்தைத் தின்றுவிட்டு, இரண்டு தட்டாகத் தட்டினார். உயிர் போனாலும் தட்டு போகவில்லை. அந்தத் தட்டை வைத்துத்தான் தூரத்திலிருந்து பெண்கள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். பஸ்ஸின் பெயர்ப்பலகையை ஒருவர்கூட அண்ணாந்து பார்க்கவில்லை.

வகுப்பில் எனக்கு அசை பிரிப்பது மதிப்பெண் விஷயம். கோடு போடு, நேர் என்று எழுது, நிரை என்று எழுது, தேமா புளிமா என்று பெயர் வை, ஐந்து மார்க் வாங்கு. யாரோ எப்போதோ எழுதிய செய்யுளை நானும் எத்தனையோ முறை துண்டு போட்டிருக்கிறேன். அது வாயும் காதும் சேர்ந்து செய்த அளவு என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. எழுத்து தெரியாதவர்களுக்கும் அசை தெரியும். தெரியாவிட்டால் பேசவே முடியாது. என் அம்மாவுக்கு இல்லாதது எழுத்து மட்டும்தான்.

பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை. கம்பியில் சாய்ந்துகொண்டே தாளை எடுத்துக் கோடு போட்டேன். இறை/யாண்/மை. ஒரு/மைப்/பா/டு. தேர்ந்/தெடுக்/கப்/பட்/டு. ஊர் வந்து இறங்கும்போது தாள் முழுக்கக் கோடு.

வீட்டுக்கு வந்தபோது அம்மா மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். டக். டக். டக். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஒரு மல்லாட்டை உடைக்கிறப்ப நான் சொல்றத ஒருவாட்டி சொல்லு. அவ்ளோதான். இறை."

டக். "இறை."

"யாண்."

டக். "யாண்."

"மை."

டக். "மை. இது இன்னாடி, கடவுள் பேரா? இறைன்னா கடவுள்தான?"

"இல்லம்மா. நாட்டுக்கு மேல வேற யாரும் எசமான் இல்லன்னு அர்த்தம்."

அம்மா கையில் இருந்த காயை உடைக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். "யாருமே இல்லியா?"

"இல்ல."

"அதுக்குத்தான் அத வாயில நுழையாத மாதிரி எழுதி வச்சிக்கினு இருக்கானுங்க" என்றாள். டக்.

நேர் எது, நிரை எது என்று அவளுக்கு நான் சொல்லவே இல்லை. தேவைப்படவில்லை. நீள வேண்டிய இடத்தில் அவள் குரலே நீண்டது. ஒரே ஒரு சிக்கல்தான். எங்கள் பேச்சில் சொல்லின் கடைசியைக் கடித்துத் தின்றுவிடுவோம். எழுத்துத் தமிழோ ஓர் அசையையும் விடக்கூடாது என்கிறது. 'கூறுகிறேன்' என்பதை அம்மா 'கூற்றன்' என்பாள். மூன்று காய் உடைய வேண்டிய இடத்தில் இரண்டு காய் உடையும். மூன்றாவது காய் கையிலேயே நிற்கும். அதைப் பார்த்து அவளே சிரித்துக்கொண்டு திரும்பிப் போவாள். "கூ. றுகி. றேன்."

ஐந்தாம் நாள் கட்டிலில் படுத்திருந்த அப்பா கண்ணைத் திறக்காமலே சொன்னார். "எனக்கே பாதி வந்துடுச்சி. தலைவர் லீவு போட்டா நான் போய் ஒக்காந்துக்கிறன்."

"நீ கரும்பு வெட்டப் போ" என்றாள் அம்மா.

எட்டாம் நாள் பெரிய வீட்டுக்காரர் மறுபடி வந்தார். மல்லாட்டை எவ்வளவு முடிந்தது என்று பார்க்க வந்ததாகச் சொன்னார். வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அம்மா அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். மடியிலிருந்த பருப்பு கொட்டியது.

"இன்னா, மந்திரமா ஓதறீங்க?"

நான் சொன்னேன். "அம்மாவே உறுதிமொழி படிக்கப் போறாங்க."

அவர் என்னைப் பார்க்கவில்லை. அம்மாவிடமே பேசினார். "நாலு பேர் நடுவுல வாய் கொளறினா ஊரே சிரிக்கும். உனக்கு மட்டும் இல்ல, நிக்க வச்ச எனக்கும் அசிங்கம். யோசிச்சிக்கோ."

"சரிங்க" என்றாள் அம்மா.

அவர் போன பிறகு நான் கேட்டேன். "எதுக்கு சரிங்கன்ன?"

"யோசிச்சிக்கோன்னாரு. யோசிக்கிறன்னேன்." குனிந்து பருப்பைப் பொறுக்கினாள். அன்று மாலை ஒரு காய்கூட உடைக்கவில்லை, ஓர் அசையும் சொல்லவில்லை. அன்றைக்கு அவளை விட்டிருக்கலாம். நான் விடவில்லை. தாளை அவள் கையில் கொடுத்து, படிக்கிற மாதிரி எப்படிப் பிடிப்பது, எந்த இடத்தில் கண்ணை அடுத்த வரிக்கு இறக்குவது என்று காட்டிக்கொடுத்தேன். அவளுக்கு எழுத்து தெரியாது என்பது அந்த அறையில் யாருக்கும் தெரியக்கூடாது. அதில் குறியாக இருந்தேன். இன்று யோசித்தால், அம்மாவின் மானத்தைவிட என்னுடைய மானம்தான் அதில் அதிகம் இருந்தது.

பதவியேற்பு நாளில் ஊராட்சி அலுவலகத்துக்கு வெளியே கூட்டம் நின்றது. உள்ளே ஜெயித்தவர்களுக்கு மட்டும்தான் இடம். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நடுவில் ஒரு மேஜை. மேஜைக்குப் பின்னால் தேர்தல் அதிகாரி, பக்கத்தில் செக்ரெட்டரி. எதிரே ஒன்பது வார்டு மெம்பர்கள், முதல் நாற்காலியில் பெரிய வீட்டுக்காரர். அம்மா என் கல்லூரி ஆண்டுவிழாவுக்கு வாங்கிய புடவையைக் கட்டியிருந்தாள். இடுப்பு மடி லேசாகப் புடைத்திருந்தது. அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

செக்ரெட்டரி தாளை எடுத்தார். அம்மா கையை நீட்டினாள். "குடுங்க, நான் சொல்றன்."

செக்ரெட்டரி பெரிய வீட்டுக்காரரைப் பார்த்தார். அதற்குள் அதிகாரி தாளை வாங்கி அம்மாவிடம் கொடுத்துவிட்டார். "வாசிங்கம்மா."

அம்மா தாளை மேஜைமேல் வைத்தாள். வலது கை தாளின்மேல், இடது கை மடிக்குள்.

"நான்" என்றாள். பிறகு தன் பெயரைச் சொன்னாள். மடிக்குள் 'டக்' என்றது எனக்குக் கேட்டதா, நானே நினைத்துக்கொண்டேனா தெரியவில்லை. அசை அசையாக வந்தது. 'தேர்ந்தெடுக்கப்பட்டு' ஒழுங்காக வந்தது. 'இறையாண்மை' வந்தபோது குரல் கொஞ்சம் கூடியது. கண்ணை அடுத்த வரிக்கு இறக்க மறந்துவிட்டாள், யாரும் கவனிக்கவில்லை. "உளமார உறுதி கூறுகிறேன்." மூன்று காயும் உடைந்தன.

வெளியே நின்ற எங்கள் தெருக்காரர்கள் கை தட்டினார்கள். நான் கம்பியிலிருந்து கையை எடுத்தேன். உள்ளங்கையில் துரு ஒட்டியிருந்தது.

முடிந்தது என்று நினைத்தேன். அதிகாரி இன்னொரு தாளை எடுத்தார்.

"தலைவரே, இப்ப மெம்பர்களுக்கு நீங்கதான் பிரமாணம் செஞ்சி வைக்கணும். நீங்க கொஞ்சம் கொஞ்சமா சொல்லுங்க, அவங்க திருப்பிச் சொல்லுவாங்க."

தலைவருக்கு அதிகாரி, மெம்பர்களுக்குத் தலைவர். அதுதான் நடைமுறை. செக்ரெட்டரிக்குத் தெரியும், பெரிய வீட்டுக்காரருக்கும் தெரிந்திருக்கும். நான் கேட்கவில்லை. உறுதிமொழித் தாளை வாங்கிவிட்டோம், படித்தவள் நான் இருக்கிறேன், வேறென்ன கேட்க வேண்டும் என்று இருந்துவிட்டேன். பதினொரு நாளும் அம்மாவுக்கு நான் சொல்லிக்கொடுத்தது அவளுடைய உறுதிமொழி ஒன்றைத்தான்.

பெரிய வீட்டுக்காரர் நாற்காலியில் சாய்ந்தார். "அத செக்ரெட்டரி படிக்கட்டும். மழை வர மாதிரி இருக்குது, ஜல்தியா முடிங்க."

செக்ரெட்டரியின் கை தாளுக்கு வந்தது. அம்மாவின் கை அதற்கு முன்னாலேயே அங்கே இருந்தது. அவள் எழுந்து நின்றாள். மெம்பர்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். பெரிய வீட்டுக்காரர் கடைசியாக எழுந்தார்.

"நான்" என்றாள் அம்மா.

அவரவர் "நான்" என்று சொல்லி அவரவர் பெயரைச் சொன்னார்கள். ஒன்பது பெயரும் ஒன்றாகக் கலந்து விழுந்தன.

அடுத்த துண்டை அம்மா சொன்னாள். நாக்கு பழகிய தடத்திலேயே போனது. "ஊராட்சித் தலைவராக."

ஒருவரும் திருப்பிச் சொல்லவில்லை. பெரிய வீட்டுக்காரர்தான் வாயைத் திறந்தார். "நான் தலைவரா? அப்ப அந்த நாற்காலிய இப்படித் தள்ளு."

அறை முழுக்கச் சிரித்தது. ஜன்னலுக்கு வெளியேயும் சிலர் சிரித்தார்கள். அம்மா தாளைப் பார்த்தாள். தாளில் அவளுக்கு என்ன தெரியும்? ஒரே சாடையில் அக்கா தங்கச்சிகள். நான் கம்பிக்குள் முகத்தை அழுத்தி அந்தச் சொல்லை உதட்டசைவில் சொன்னேன். ஒருமுறை, இரண்டுமுறை. அம்மா ஜன்னல் பக்கமே திரும்பவில்லை. கண்ணை இறக்கு, படிக்கிற மாதிரி கண்ணை இறக்கு என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அம்மா தாளைத் திருப்பி அதிகாரிப் பக்கம் தள்ளினாள்.

"எனக்கு எழுத்து தெரியாதுங்க. எம்மவ சொல்லிக் குடுத்து, வாயிலதான் வச்சிக்கினு இருக்கிறன். மெம்பருங்களுக்கு ஒரு வார்த்தை மாறுது போல. அத மட்டும் சொல்லுங்க. மீதிய நானே சொல்லிக்கிறன்."

பதினொரு நாளாக நான் மறைக்கப் பாடுபட்டதை அவள் ஒரே மூச்சில் மேஜைமேல் வைத்துவிட்டாள். கூட்டத்தில் யாரும் என் முகத்தைப் பார்க்காதபடி தலையைக் குனிந்துகொண்டேன்.

அதிகாரி சிரிக்கவில்லை. "உறுப்பினராக" என்றார்.

"இன்னொருவாட்டி, மெதுவா."

"உறுப்பினராக."

அம்மா மடியிலிருந்து கைநிறைய மல்லாட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். இப்போது ஒளிக்க ஒன்றுமில்லை. ஒவ்வொன்றாக எடுத்து உடைத்தாள். "உறுப்." டக். "பின." டக். "ரா." டக். "க." டக். நான்கு காய். அந்தச் சொல்லை நான் அவளுக்கு ஒருநாளும் பிரித்துக் காட்டியதில்லை. நான் பிரித்திருந்தாலும் அந்த இடத்தில்தான் கோடு போட்டிருப்பேன்.

"மொதல்லேர்ந்து" என்றாள் மெம்பர்களைப் பார்த்து. "நான்."

"நான்" என்றார்கள்.

அடுத்த காயை எடுத்த அம்மா, அதை உடைக்காமல் நின்றாள். எட்டுக் குரல்தான் வந்திருந்தது.

பெரிய வீட்டுக்காரர் வாயைத் திறக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் திருப்பிச் சொல்லிவிட்டார்கள், அம்மா மேலே போயிருக்கலாம். ஒன்பதில் ஒன்று குறைந்தது வெளியே இருந்த யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அவள் கையில் இருந்த காய் உடையவில்லை. ஒன்று உடையாமல் அடுத்ததற்குக் கை போகாது, அது பழகிய கை. அவரை முறைக்கவும் இல்லை, அவசரப்படுத்தவும் இல்லை. கட்டைவிரல் காயின் மூக்கின்மேல் இருந்தது. காத்திருந்தாள்.

மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது. செக்ரெட்டரி ஒருமுறை இருமினார். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "சொல்லுங்க சார், உங்களுக்காகத்தான் நிக்கிறாங்க" என்றார்.

பெரிய வீட்டுக்காரர் கழுத்தைச் சொறிந்துகொண்டார். பிறகு, "நான்" என்றார்.

டக்.

அதற்குப் பிறகு ஒரு தடங்கலும் இல்லை. அம்மா நாலு நாலு காயாகச் சொன்னாள், அவர்கள் நாலு நாலு காயாகத் திருப்பிச் சொன்னார்கள். 'ஒருமைப்பாட்டையும்' என்ற இடத்தில் பள்ளிக்கூடம் போன இரண்டு மெம்பர்கள் நாக்கு குழறி நின்றார்கள். அம்மா அவர்களுக்காகவும் அந்தத் துண்டை இன்னொருமுறை உடைத்தாள். முடிந்ததும் மேஜைமேல் கிடந்த பருப்பையும் ஓடுகளையும் தனித்தனியாக அள்ளினாள். ஓடுகளைச் செக்ரெட்டரியின் குப்பைக்கூடையில் போட்டாள். பருப்பு விதைப் பருப்பு, அதைத் திரும்ப மடியில் கட்டிக்கொண்டாள். அதிகாரி கொடுத்த தலைவர் ஸ்டாம்பையும் அந்த மடியிலேயே வைத்தாள்.

வீட்டுக்கு வரும்போது நான் நாலடி முன்னாலேயே நடந்தேன். பாதித் தூரம் போன பிறகு அம்மாவே கேட்டாள். "எழுத்து தெரியாதுன்னு சொன்னதுக்குக் கோவமா?"

"எல்லாரும் கேட்டாங்க."

"எல்லாருக்கும் முன்னாடியே தெரியும்டி. உனக்குத்தான் தெரியாத மாதிரி இருந்திச்சி."

அன்று மாலையே பைக் வந்தது. இந்த முறை எங்கள் வாசல் வரை வரவில்லை, தெருமுனையிலேயே நின்றது. பெரிய வீட்டுக்காரர் அங்கிருந்தே குரல் கொடுத்தார். "மூட்டைய எடுத்துக்கினு போலாம்னு வந்தன். வேற ஆளு உடைக்கட்டும்."

"இன்னும் ரெண்டு மரக்காதான் பாக்கி. நாளைக்குள்ள முடிச்சிடறன்" என்றாள் அம்மா.

"வேணாம். நாளைலேர்ந்து வேலைக்கும் ஆள் சொல்லியாச்சி."

அவர் பேசிய இரண்டு தடவையும் 'நீ' என்ற சொல் வரவில்லை. 'நீங்க' என்றும் வரவில்லை. அந்த இடத்தை எதையும் வைத்து நிரப்பாமலே பேசி முடித்தார். அப்பா மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய் வண்டியில் வைத்தார். அம்மா காலையில் உடைத்த பருப்பை மடியிலிருந்து அவிழ்த்து, உடைத்து வைத்திருந்த விதையோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்தனுப்பினாள். ஒன்றுகூட எடுத்து வைத்துக்கொள்ளவில்லை.

பத்தொன்பது வீடு உள்ள தெருவில் அடுத்த நடவுக்கு எங்கள் வீட்டுக்கு மட்டும் ஆள் அனுப்பமாட்டார்கள் என்று மூன்று பேருக்கும் தெரிந்தது. அப்பா கை கழுவிவிட்டு வந்து, "விழுப்புரம் தாண்டி காணைப் பக்கம் கரும்பு வெட்டு இருக்குதாம், விசாரிக்கிறன்" என்றார்.

மூட்டை இருந்த மூலை காலியாக இருந்தது. அம்மா அங்கேயே போய் உட்கார்ந்தாள். செக்ரெட்டரி கொடுத்தனுப்பிய முதல் கூட்ட அறிவிப்பு அவள் கையில் இருந்தது. நான் பேனாவை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, வழக்கம்போல அசை பிரித்துக் கோடு போட ஆரம்பித்தேன். இரண்டு கோடு போட்டதும் அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"கோடு வேணாம். உடைக்க மல்லாட்டையும் இல்ல." தாளை என் முன்னால் நேராக வைத்தாள். "இதுல 'உறுப்' எங்க இருக்குது, காட்டு."

காட்டினேன். அம்மா அந்த மூன்று எழுத்தின்மேலும் கட்டைவிரலை ஒவ்வொன்றாக வைத்து அழுத்தினாள்.